எழுபத்திரண்டு பெயர்கள்

போன ஜூன் மாதம் பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு தொடங்கிய முதல் வாரத்தில், கட்டுரை வகுப்பு மிஸ் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்தார். "நல்லா எழுதறதுக்கு இந்த வருஷம் என்னென்ன செய்யப் போறீங்கன்னு எழுதிக் கொடுங்க. நான் பத்திரமா வச்சிருந்து மார்ச் மாசம் திருப்பித் தருவேன். அதுல எது நடந்துச்சு, எது நடக்கலைன்னு அப்ப எழுதணும்" என்றார். நாற்பத்தொரு பேர் இருந்த வகுப்பில் முதலில் எழுதி முடித்து எழுந்தவள் நான்தான். எங்கள் ஊரில் காலேஜ் வரை வந்த பெண் நான் ஒருத்திதான் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்பது என் கணக்கு. என் அம்மாவைக் கேட்டால் வேறு அளவு சொல்வாள்.

அந்தத் தாள் நேற்று என் கைக்குத் திரும்பி வந்தது. 'என் எழுத்தில் தேவையில்லாத ஒரு சொல்கூட இருக்கக் கூடாது' என்பது முதல் வரி. வாரம் ஒரு நாள் காளவாசல் பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து மனிதர்களைக் கவனித்துக் குறிப்பெடுப்பேன் என்று எழுதியிருந்தேன். பாராட்டுக்கு மயங்க மாட்டேன் என்றும் எழுதியிருந்தேன். அதைப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசி வரியின் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தேன். 'என் பெயரை அச்சில் பார்க்க வேண்டும்.'

கல்லூரி ஆண்டு மலர் போன வாரம் வந்தது. நான் கொடுத்த கதை அதில் இல்லை. ஆனாலும் இந்த வருஷத்தில் என் பெயர் இரண்டு தடவை அச்சில் வந்தது. முதல் தடவை வந்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். இரண்டாவது தடவை வந்ததற்கு நன்றி சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். மிஸ் ஒரு பக்கம்தான் கேட்டார், மன்னிக்க வேண்டும்.

எங்கள் ஊர் காளவாசலில் இருந்து மேற்கே பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அப்பா முத்திருளன் விவசாயம் பார்க்கிறார். அம்மா ஒச்சாயி. எனக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள் என் தங்கை ராக்கம்மாள். இடையில் ஏன் அவ்வளவு இடைவெளி என்று ஊரில் யாரும் கேட்பதில்லை, அவள் செய்கிற சேட்டையைப் பார்த்துவிட்டு இவள் எதற்கு வந்தாள் என்றுதான் கேட்கிறார்கள். இந்தத் தை மாதம் அவளுக்குக் காது குத்துவது என்று முடிவாயிற்று.

எங்கள் பக்கம் காது குத்து என்றால் கல்யாணத்துக்கு ஒரு படிதான் கீழே. தாய்மாமன் சீரோடும் மேளத்தோடும் வந்து, பிள்ளையைத் தன் மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆசாரி ஊசியைத் தொடுவார். மாமன் வரவில்லை என்றால் காது குத்து இல்லை. அதனால் பத்திரிகை அடித்ததும் முதல் பத்திரிகை தாய்மாமன் வீட்டுக்குத்தான் போகும். வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். யாராவது அதை எல்லோர் காதிலும் விழும்படி உரக்க வாசிப்பார்கள். மாமன் தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துவிட்டால் வருகிறேன் என்று அர்த்தம்.

அந்தப் பத்திரிகையில் என்ன இருக்கும் என்றால், பெயர்கள் இருக்கும். தாய்மாமன் பெயர் தடித்த எழுத்தில் முதலில். பிறகு பெரியப்பா, சித்தப்பா, மாமன், மச்சான், பங்காளி என்று வயது பார்த்து, முறை பார்த்து, யாருக்குப் பின்னால் யார் என்று யோசித்துப் போட வேண்டும். ஒருநாள் சாயங்காலம் அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. "விருமாண்டிக்கு முன்னால சங்கிலியப் போட்டுறாத தாயி, அவன் வெட்டரிவாளத் தூக்கிருவான்" என்று சொல்லிவிட்டு, "இல்ல, சங்கிலி மூத்தவன். அவனே மொதல்ல இருக்கட்டும்" என்று மாற்றினார். மொத்தம் அறுபத்து மூன்று பெயர்கள். வாசகத்தை நீயே எழுதி அச்சாபீசில் கொடுத்துவிடு என்று அப்பா என்னிடம் ஒப்படைத்தார். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். வீட்டில் எழுதப் படித்தவள் ஒருத்தி இருக்கும்போது வெளியே ஒருவரிடம் போய் எழுதச் சொல்வானேன் என்று அவருக்கு ஒரு பெருமை.

நான் அன்றைக்கு எப்படிப்பட்ட நிலையில் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வாரம்தான் மிஸ் என் கட்டுரை ஒன்றை வகுப்பில் வாசித்துக் காட்டி, "சுருக்கமா எழுதறதுன்னா இப்படித்தான்" என்று சொல்லியிருந்தார். என் கால் தரையில் பாவவில்லை. எதைப் பார்த்தாலும் வெட்ட வேண்டும் என்று கை பரபரத்தது. போன ஆவணியில் வீட்டுக்கு வந்திருந்த பத்திரிகை ஒன்றை எடுத்துப் பார்த்தேன். 'நிகழும் மங்களகரமான துன்மதி வருடம்' என்று தொடங்கியது. துன்மதி என்று பெயர் வைத்துக்கொண்டு வருஷம் எப்படி மங்களகரமாகும் என்று அதை அடித்தேன். சுற்றமும் நட்பும் சூழ என்பதை அடித்தேன். பெயர்ப் பட்டியலுக்கு வந்தேன். அறுபத்து மூன்று பேரும் எப்படியும் விருந்துக்கு வரத்தான் போகிறார்கள், அவர்கள் வரப்போவதை அவர்களுக்கே எதற்காக அச்சடித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அத்தனையையும் அடித்துவிட்டு, அப்பா சொல்லி எழுதிய தாளை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டேன். எழுத்தாளருக்கு இரக்கம் கூடாதாம், எங்கேயோ படித்திருந்தேன்.

மிஞ்சியது இவ்வளவுதான். 'எங்கள் மகள் ராக்கம்மாளுக்குத் தை இருபத்திரண்டாம் நாள் காது குத்துகிறோம். தாய்மாமன் முன்னிலையில் நடக்கும். வாருங்கள். சாப்பிட்டுப் போங்கள். முத்திருளன்.' வாசித்துப் பார்த்தேன். எடுப்பதற்கு ஒரு சொல் இல்லை. இன்றைக்கும் இது நல்ல வாசகம்தான் என்று எனக்குள் ஒரு குரல் முனகுகிறது, அதை நான் அடக்கிவைத்திருக்கிறேன்.

எடுப்பதற்கு ஒன்றும் இல்லாததால் ஒன்றைச் சேர்த்தேன். அடியில், 'வாசகம்: மு. செல்லக்கிளி, பி.ஏ. (இரண்டாம் ஆண்டு).'

காளவாசலில் நான் பஸ் மாறுகிற இடத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன அச்சாபீஸ் உண்டு. அங்கே எழுத்துக் கோக்கிறவர் சோலை அண்ணன். தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "பேருக எங்கம்மா?" என்றார்.

"இம்புட்டுத்தேண்ணே."

"ஒங்க ஊருக்குக் காது குத்துப் பத்திரிக்க நெறைய அடிச்சிருக்கேன். பேரில்லாம அடிச்சதில்ல. வீட்ல கேட்டுக்கிட்டியா?"

"அதெல்லாம் கேட்டாச்சு" என்றேன். இது முதல் பொய். அச்சடித்த பத்திரிகைக் கட்டு வீட்டுக்கு வந்த அன்று அப்பா ஒரு பத்திரிகையை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "எல்லாரு பேரும் வந்துருச்சா தாயி?" என்று கேட்டார். வரவேண்டியது வந்துவிட்டது என்றேன். இது இரண்டாவது. அவர் அதற்குமேல் கேட்கவில்லை, என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

என் தாய்மாமன் பேயாண்டி பரவைக்குப் பக்கத்தில் இருக்கிறார். தோட்டத்தில் கத்தரியும் வெண்டையும் போட்டுப் பரவைச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். அம்மாவுக்கு அவர் ஒரே அண்ணன். தாத்தாவும் பாட்டியும் அம்மா கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார்கள், மாமாதான் அம்மாவைக் கட்டிக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் தட்டு எடுத்துக்கொண்டு கிளம்பியபோது நானும் கூடவே போனேன். மாமாவைப் பார்க்கிற ஆசையில் அல்ல. என் எழுத்தை இன்னொருவர் உரக்க வாசித்துக் கேட்க வேண்டும் என்கிற ஆசையில்.

செல்லத்தாய் அத்தை எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். அக்கம்பக்கத்தில் இருந்தும் ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். மாமா சட்டை போட்டுக்கொண்டு, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தார். அம்மா தட்டை அவர் முன்னால் வைத்தாள். மாமாவுக்கும் எழுத்துத் தெரியாது. அவருடைய மகள் சின்னத்தாய், ஏழாம் வகுப்புப் படிக்கிறவள், பத்திரிகையை எடுத்து வாசித்தாள். நன்றாக, நிறுத்தி நிறுத்தித்தான் வாசித்தாள். ஆனாலும் நாலு மூச்சில் முடிந்துவிட்டது. கடைசியில் என் பெயரையும் பி.ஏ.வையும் அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் வாசித்துவிட்டுத் தாளை இறக்கினாள்.

மாமா தலையைச் சாய்த்து இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"வாசி" என்றார்.

"முடிஞ்சிருச்சுப்பா."

"அம்புட்டுத்தேனா?"

"அம்புட்டுத்தேன்."

பத்திரிகையை வாங்கி அவரே பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், எனக்கும் வாய் உண்டு. அவர் கோபப்படவில்லை. பத்திரிகையைத் தட்டிலேயே வைத்து, தட்டை அம்மா பக்கம் மெதுவாகத் தள்ளினார். "தட்ட எடுத்துக்க ஒச்சாயி. மாப்ள, வெயில் ஏறுறதுக்குள்ள கெளம்புங்க" என்றார்.

திரும்பி வருகிற வழி முழுக்க அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் பாக்கு உருண்டு விழாமல் கையால் அணைத்துக்கொண்டாள். அப்பா முன்னால் ஆண்கள் பக்கம் நின்றுகொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் பயம், ஆனால் வெளியே வந்தது திமிர்தான். "பேரு அச்சுல வந்தா என்ன, வராட்டி என்னம்மா? இதுக்குப் போயி ஒரு மனுசன் தட்டத் தள்ளுவாரா?" என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: "அப்பறம் ஒம் பேர எதுக்குப் போட்ட?"

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் காது நன்றாகக் கேட்கும் என்பதை நான் மறந்துவிட்டேன். பிறகு அவளே, "எனக்குன்னு வாசல்ல வந்து நிக்க அந்த ஒரு ஆளுதேன். அவரும் வரலைன்னா எனக்குப் பொறந்த வீடுன்னு என்ன இருக்கு?" என்றாள். திட்டவில்லை. அழவும் இல்லை. காளவாசலில் இறங்கும்போது வெற்றிலை வாடிப்போயிருந்தது.

மறுநாள் காலேஜுக்குப் போகாமல் தனியாக மாமா வீட்டுக்குப் போனேன். மாமா சந்தையில் இருந்து இன்னும் வரவில்லை. அத்தை என்னை உட்கார வைத்து, இட்லி கொடுத்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தாள். அது நிறையக் காது குத்துப் பத்திரிகையும் கல்யாணப் பத்திரிகையும் இருந்தன. பதினாலு பத்திரிகை. சில பழுப்பேறியிருந்தன.

"ஒங்க மாமா பேரு இருக்கறத மட்டும் எடுத்து வப்பாரு. மத்ததக் கடையில போட்டுருவேன். இதுல கைய வச்சா எனக்கு அடிதேன்" என்று சிரித்தாள்.

ஒவ்வொன்றிலும் அவர் பெயருக்குக் கீழே மட்டும் தாள் கொஞ்சம் கறுத்து, மினுமினுப்பாக இருந்தது. விரலால் தொட்டுத் தொட்டு வந்த அழுக்கு. எழுத்துத் தெரியாத மனிதர், இடத்தைத் தெரிந்து வைத்திருக்கிறார். நான் என் தாளில் இரண்டு கோடு இழுத்து எழுதியிருந்த ஆசை எனக்கு ஞாபகம் வந்தது. அதே ஆசைதான். அவருக்கு அது வருஷத்தில் ஒரு தடவை, யாரோ ஒரு பிள்ளைக்குக் காது குத்தும்போது கிடைக்கிறது. அதையும் நான் தேவையில்லாத சொல் என்று அடித்திருக்கிறேன். அத்தை முன்னால் வாய்விட்டு அழுதேன், வெட்கமாக இருந்தாலும் அழுதேன்.

மாமா வந்தார். காலிக் காய்க்கூடையைச் சுவரோரம் வைத்துவிட்டு, "என்ன மருமகளே, பள்ளிக்கூடம் இல்லையா?" என்றார். அவருக்குக் காலேஜும் பள்ளிக்கூடம்தான். நான் தப்புப் பண்ணிவிட்டேன் என்றேன். உங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு மறுபடி அச்சடித்துக் கொண்டுவருகிறேன் என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீ எழுதுனது தப்புன்னு நான் சொல்லல தாயி. சின்னத்தாயி வாசிக்க ஆரம்பிச்சா, சடக்குன்னு முடிஞ்சு போச்சு. ஒருத்தன் வாசல்ல நின்டு கூப்புட்டுட்டு, நான் எந்திரிச்சு வாரதுக்குள்ள போயிட்ட மாதிரி இருந்துச்சு. அதேன்."

"ஒங்க பேரு மொதல்ல வரும் மாமா."

"எம் பேரு மட்டும் வந்தா எனக்கு வேண்டாம். மாப்ள சொன்ன அம்புட்டுப் பேரும் வரணும். ஒருத்தன் பேரு விட்டாலும் அவன் மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?" கொஞ்சம் யோசித்து, "அதுல எந் தங்கச்சி பேரே இல்லையே. பெத்தவ அவதான?" என்றார்.

அப்பா சொன்ன பட்டியலிலும் அம்மா பெயர் இருக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை. சொற்களை எல்லாம் உன்னிப்பாகப் பார்க்கிற நானும் கவனிக்கவில்லை.

இப்போது என் சிக்கல், பட்டியல் அடுப்பில் சாம்பலாகிவிட்டது. அப்பாவிடம் மறுபடி கேட்கலாம். எரித்துவிட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் வீடு வீடாகப் போனேன். காலையில் பஸ்ஸுக்கு முன்னால் நாலு வீடு, சாயங்காலம் இறங்கியதும் ஆறு வீடு. காளவாசலில் ஆறு வாரம் உட்கார்ந்து நான் எடுத்த குறிப்பு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் 'கூட்டம்', 'புழுதி', 'களைத்த முகங்கள்' என்று எழுதியிருக்கிறேன். ஒருவர் பெயர்கூட இல்லை. எங்கள் ஊரில் எட்டு நாள் நடந்ததில் நோட்டு நிறைந்துவிட்டது.

பெயரைக் கேட்டால் யாரும் பெயரை மட்டும் சொல்வதில்லை. கருத்தக்கண்ணன் சித்தப்பா, 'பம்புசெட்டு' என்று முன்னால் சேர்க்க வேண்டும் என்றார். ஊரில் முதல் பம்புசெட்டு போட்டவர் அவர்தானாம். மில்லில் வேலை பார்க்கிற சங்கிலி அண்ணன், மில் என்று போட்டால்தான் நான் என்று தெரியும் என்றார். பட்டாளத்தில் இருந்து வந்த மலைச்சாமி மாமா, பட்டாளத்தை எழுதாதே, பெயரை மட்டும் போடு, அங்கே நடந்ததை மறக்கத்தான் ஊருக்கு வந்தேன் என்றார். அவர் அதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் கதையாக வரவில்லை. ஒருநாள் வரும். மலையம்மாள் பெரியம்மா, "பொம்பளைக பேரெல்லாம் போடுவாகளா?" என்று கேட்டாள். போடுகிறேன் என்றேன். அவள் கிட்ட வந்து உட்கார்ந்து, "எங்க, எழுதிக் காட்டு, அது எப்படி இருக்குன்னு பாப்போம்" என்றாள். எழுதிக் காட்டினேன். "இம்புட்டு நீளமா?" என்றாள்.

யாரும் என்னைத் திட்டவில்லை. விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது, பேரில்லாப் பத்திரிகை என்று சிரித்தார்கள். ஆனால் கேட்டபோதெல்லாம் உட்கார வைத்து, காப்பித்தண்ணி கொடுத்து, பொறுமையாகச் சொன்னார்கள். அந்த எட்டு நாளில் அவர்கள் கொடுத்ததை எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் கொடுத்ததில்லை, மிஸ் கோபித்துக்கொள்ளக் கூடாது. அறுபத்து மூன்று பெயர், பெண்களோடு சேர்ந்து எழுபத்தொன்று ஆயிற்று. எட்டாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரே ஒரு இடத்தில் மட்டும், "விருமாண்டிக்கு முன்னாலயா சங்கிலி? சரிதேன்" என்றார். அவ்வளவுதான். நான் அவருக்கு எத்தனை பிறவி கடன்பட்டிருக்கிறேனோ தெரியாது.

சோலை அண்ணன் தாளைப் பார்த்ததும், "இப்பத்தேன் பத்திரிக்க மாதிரி இருக்கு" என்றார். மறுநாள் போனபோது தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, ஒங்க ஊர்ல வேற பேரே கெடையாதா? விருமாண்டி, பேயாண்டி, ஆண்டிச்சாமின்னு எல்லாம் ஆண்டியாவே இருந்தா நான் எங்க போறது? பெட்டியில எழுத்து தீந்து போச்சு." பக்கத்து அச்சாபீசுக்குப் போய்க் கைமாற்றாக எழுத்து வாங்கிவந்து கோத்தார். பிழை பார்க்க என்னிடம் ஒரு படி எடுத்துக் கொடுத்தார். எழுபத்தொரு பெயரும் சரியாக இருந்தன. தாய்மாமன் பேயாண்டி, செல்லத்தாய், சின்னத்தாய் என்று தொடங்கியது. மேலே பெற்றோர் இடத்தில் 'முத்திருளன் – ஒச்சாயி' என்று இருந்தது. அடியில் வாசகம் என்கிற வரி இல்லை. அதை நான் எடுத்துவிட்டிருந்தேன். இந்தத் தடவை ஒரு சொல்லை எடுத்தது சரியான இடத்தில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அச்சடித்த கட்டைத் தானே வாங்கிக்கொள்வதாக மாமா சொல்லி அனுப்பியிருந்தார். சந்தைக்குக் காய் போட்டுவிட்டு டவுனுக்குப் போகிற வேலை இருக்கிறதாம். அவருக்கு டவுனில் என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி தட்டோடு போனோம். புது வெற்றிலை. அம்மா அன்றைக்குக் காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. போன தடவை வந்திருந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், வேடிக்கை பார்க்க இன்னும் பத்துப் பேர் கூடுதல். மாமா கட்டைப் பிரித்து மேலே இருந்த பத்திரிகையை எடுத்துத் தட்டில் வைத்தார். சின்னத்தாய் கையை நீட்டினாள்.

"நீ இரு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, "மருமக வாசிக்கட்டும்" என்றார்.

நான் எழுந்து நின்று வாசித்தேன். மங்களகரமான துன்மதி வருடம் என்று தொடங்கினேன். சுற்றமும் நட்பும் சூழ என்று வாசித்தேன். பெற்றோர் முத்திருளன், ஒச்சாயி என்று வாசித்தபோது அம்மா தலையைக் குனிந்து சேலை முந்தானையைச் சரிசெய்தாள். பிறகு தாய்மாமன் பேயாண்டி. மாமா அசையாமல் கேட்டார். செல்லத்தாய் என்றபோது கதவோரம் நின்ற அத்தை வாயைப் பொத்திச் சிரித்தாள். சின்னத்தாய். அதற்கு அடுத்த வரி மாமன் ஆண்டிச்சாமி என்று எனக்கு மனப்பாடம். வாயைத் திறந்தேன்.

அங்கே ஆண்டிச்சாமி இல்லை. 'மருமகள் செல்லக்கிளி, பி.ஏ. படிக்கிறது' என்று இருந்தது.

பிழை பார்த்துக் கொடுத்த பிறகு சேர்த்த வரி. நடுவில் இடம் பண்ணுவதற்காகக் கீழே உள்ள வரிகள் கொஞ்சம் நெருக்கமாக இருந்தன. எழுத்துத் தெரியாத மனிதர், பஸ் ஏறிப் போய், அச்சாபீசில் நின்று, எழுத்துக் கோக்கிறவரிடம் தன் பெயர் எங்கே என்று கேட்டு, அதற்குக் கீழே என் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறார். பி.ஏ. படிக்கிறது என்பது அப்படியே அவர் வாயில் வருகிற பேச்சு. சோலை அண்ணன் ஓர் எழுத்தும் மாற்றாமல் கோத்திருக்கிறார். அந்த ஒரு வரியில் நான் எடுக்கக்கூடிய சொல் ஒன்றும் இல்லை.

தாளில் எழுத்துகள் கலங்கிப் போயின. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மொதப் பத்திரிக்கையில ஒம் பேரு அடியில ஒத்தையா நின்டுச்சுல்ல" என்றார் மாமா. "பாக்கப் பாவமா இருந்துச்சு. அதேன் கூட்டத்துல சேத்துவிட்டேன்."

நான் மாமா என்று சொல்ல நினைத்தேன். நன்றி என்று சொல்ல நினைத்தேன். எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லை யாரும் யாரிடமும் சொல்வதில்லை, எனக்கும் வரவில்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன். மாமா, நன்றி.

"நிப்பாட்டாத தாயி" என்றார் அவர். "ஒனக்குப் பெறகு இன்னும் அம்புட்டுப் பேரு நிக்கிறாகள்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தாளைப் பிடித்தேன். எனக்குப் பிறகு அறுபத்தெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவரையும் அவசரப்படுத்தாமல், ஒவ்வொருவரும் எழுந்து வருவதற்கு நேரம் விட்டு வாசித்தேன். கடைசிப் பெயர் முடிந்த பிறகுதான் மாமா குனிந்து, தட்டில் இருந்து வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார்.